நாற்பதாவது பெயர்

ஜனவரி 22, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி. டாக்டர் நாச்சியார் தனக்கு வந்த நாலில் ஒன்றை என் மேஜையில் வைத்து, "கோகிலவாணி, உங்களுக்குத்தான் எழுதற பழக்கம் இருக்கே" என்றார். புற்றுநோய் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடமாகப் பதிவேடு எழுதுகிறவளுக்கு வேறென்ன பழக்கம் இருக்கும்?

இன்றிலிருந்து புது வேலை. ஆறேழு வருடத்துக்கு முன்னால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எங்களிடம் ஆபரேஷன் செய்துகொண்ட நூற்றுப் பன்னிரண்டு பெண்களையும் போனில் பிடிக்க வேண்டும். உயிரோடு இருக்கிறார்களா, நோய் திரும்பியதா, எந்த நிலையில் வந்தவர்கள் ஐந்து வருடம் தாண்டினார்கள் என்று டாக்டர் ஒரு கட்டுரை எழுதப் போகிறார். கடைசிக் கேள்வி, "முதல் அறிகுறி தெரிந்தும் வரத் தாமதமானது ஏன்?" பதிலை எண்ணாகப் போடலாம் என்று நானே ஆறு எண் வகுத்தேன். தூரம், பணம், வீட்டில் விடவில்லை, கூட வர ஆளில்லை, அலட்சியம், நோய் என்று தெரியாது. டாக்டர் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல என்ன காரணம் இருக்கப்போகுது" என்றார்.

முதல் அழைப்பு அந்தியூர் பக்கம் மாராயிக்கு. கணவர் எடுத்தார்.

"அவ போயி மூணு வருசமாச்சுங்க."

வருத்தம் சொல்லிவிட்டுத் தாமதத்துக்குக் காரணம் கேட்டேன். "எருமை கன்னு போடற நேரமுங்க. கன்னு போட்டு, அது நல்லா ஊட்டற வரைக்கும் எங்கீம் வரமாட்டேனுட்டா. நாலு மாசம் ஓடிப்போச்சுங்க" என்றார்.

எண் ஐந்து போட்டேன். எருமைக்காக உயிரை விட்டவளை வேறு எந்த எண்ணில் போடுவது?

சிலிண்டர் தீரப் போகிறது. நாளை பதிய வேண்டும்.

ஜனவரி 25, வியாழன்

இன்று பதினோரு பேர். எட்டுப் பேர் நலம்.

கொடுமுடி பாவாயி அம்மாவிடம் பேசப் போனால், அந்த அம்மா என்னைப் பேசவிடவில்லை. வயது அறுபத்தொன்று. ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு பேத்திகளுக்குச் சீர் செய்தாராம், பழனிக்கு நடந்தே போனாராம். "பக்கத்தூட்டுக்காரி சண்டைக்காரி சாமி. ஒரு துளி பட்டுச்சுன்னு சொன்னதுக்கே கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டா. இல்லீன்னா நானும் உம்பட நோட்டுல செத்தவதான்" என்று சிரித்தார். அவருக்கு நிலை ஒன்று பி ஒன்று.

பின்னால் எனக்கே மறக்காமல் இருக்க இதை எழுதி வைக்கிறேன். நிலை ஒன்று என்றால் கட்டி கர்ப்பப்பையின் வாயோடு நிற்கிறது, அதில் பி ஒன்று என்றால் கட்டி சின்னது. இரண்டு என்றால் வாசற்படி தாண்டிவிட்டது. இரண்டில் 'பி' என்றால் பக்கச் சதைக்குள் இறங்கிவிட்டது. அங்கிருந்து மேலே எங்கள் டாக்டர்கள் கத்தி எடுப்பதில்லை, கரண்ட் வைப்பது என்று எல்லோரும் சொல்கிற கதிர்வீச்சும் கீமோவும்தான். ஆபரேஷனுக்குப் போகிறவர் கட்டிலில் நீல அட்டை. கரண்டுக்கு மஞ்சள். இரண்டையும் அச்சகத்தில் சொல்லி அடித்து வாங்குவது நான்.

இடுப்பு வலிக்கிறது. அந்த நாற்காலியை மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தாயிற்று.

பிப்ரவரி 2

தீட்டு நின்று ஒன்றரை வருடம் ஆன பிறகு லேசாகக் கறை. நேற்றுப் பப்பாளிப் பழம் முழுசாகத் தின்றேன். சூடு.

பிப்ரவரி 10, சனி

காட்டுவலசில் பரிசோதனை முகாம். பள்ளிக்கூடத்து வகுப்பறையில் திரை கட்டி, கர்ப்பப்பை வாயிலிருந்து சளி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசி அனுப்புகிற வேலை. நர்ஸ் ஜெசிந்தா, நான், வேன் டிரைவர். ஜெசிந்தாவுக்கு ஒன்பதாம் மாதம், இந்த முகாமோடு நாகர்கோவிலுக்குப் பிரசவ விடுப்பில் போகிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து எடுத்தாள், பாவம்.

ஒரு முகாமுக்கு நாற்பது பேர் கணக்கு. குறைந்தால் அடுத்த முகாமுக்கு வேன் கேட்கும்போது பேச்சு வாங்க வேண்டும். மூன்றரை மணிக்கு முப்பத்தொன்பதில் நின்றது. வெளியே ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டு முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்களே தவிர ஒருத்தியும் உள்ளே வரவில்லை. ஜெசிந்தா சொன்னாள்: "யக்கா, நீங்க வந்து படுங்க. ஆசுபத்திரிக்காரியே படுத்துட்டான்னு பாத்தா அதுகளும் வரும். கணக்குக்கும் ஆச்சு."

படுத்தேன். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. அவர்கள் யாரும் வரவில்லை என்பது வேறு கதை.

திரைக்குள்ளே ஜெசிந்தா, "யக்கா, கொஞ்சம் ரத்தம் படுதே. எத்தன நாளாட்டு?" என்று கேட்டாள். இன்றைக்குத்தான் என்றேன். "நாச்சியார் டாக்டர்ட்ட ஒருக்க காட்டிருங்க, என்ன" என்றாள். சரி என்றேன்.

ஊழியர் பெயரை ஊர்க் கணக்கில் சேர்க்க முடியாது. லேபிள் எழுதுவது நான்தானே. என் தகட்டில் நாற்பதாவது ஆளாக, இல்லாத ஒரு வேலாத்தாள், க/பெ சின்னான், வயது 46, காட்டுவலசு என்று எழுதி ஒட்டினேன். போன் எண்ணுக்கு, நாலு வருடத்துக்கு முன் நான் விட்டுவிட்ட பழைய சிம்மின் எண். கணக்கு நாற்பது ஆகிவிட்டது. எல்லோரும் செய்கிறதுதான்.

பிப்ரவரி 17

ஜெசிந்தாவுக்கு ஆண் குழந்தை. வாட்ஸாப்பில் படம் அனுப்பினாள். மூக்கு அப்படியே அவள் மூக்கு.

பிப்ரவரி 29

தண்ணீர் ஐந்து நாளாக வரவில்லை. குடம் தூக்கியது ஒத்துக்கொள்ளவில்லை, மறுபடியும் கறை. உள்பாவாடைகளை நானே தனியாகத் துவைத்துக் கொள்கிறேன். வேலைக்காரி வாய் நீளம்.

மார்ச் 11, திங்கள்

காட்டுவலசு முடிவுகள் வந்தன. முப்பத்தொன்பது பேருக்கு ஒன்றுமில்லை. இரண்டு பேருக்குக் கிருமித் தொற்று, மாத்திரையில் போய்விடும். அதையும் சேர்த்துத்தான் முப்பத்தொன்பது.

வேலாத்தாள், 46. தீவிர மாற்றம், புற்றுநோய் சந்தேகம். உடனே சதைப் பரிசோதனைக்கு அழைக்கவும்.

ஆய்வுக்கூடத்தில் தகடு மாறியிருக்கலாம். அடிக்கடி நடப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் நான் ஒட்டிய லேபிள் இதுவரை மாறியதில்லை.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே கொண்டு வந்துவிட்டேன். தேன்மொழி (என் எதிர் மேஜை, கணினிப் பதிவு), "என்னங்க்கா, அண்ணன் சமைச்சுக் குடுத்தாரா?" என்று கிண்டல் செய்தாள். ஆமாம் என்றேன்.

மார்ச் 12

முடிவு மோசமாக வந்தவர்களை அழைப்பதற்கு ஒரு விதி உண்டு. மூன்று நாள், மூன்று அழைப்பு. பிறகு தபால் கார்டு. கார்டுக்கும் பதில் இல்லையென்றால் முப்பது நாள் கழித்து "தொடர்பில் இல்லை" என்று முத்திரை குத்தி மூடிவிடலாம். இதையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். அதற்கு முன் ஆளாளுக்கு ஒரு முறை.

வேலாத்தாளுக்கு முதல் அழைப்பு. அந்த எண் உபயோகத்தில் இல்லை.

மார்ச் 13

இரண்டாவது அழைப்பு. உபயோகத்தில் இல்லை.

மார்ச் 14

மூன்றாவது. தேன்மொழி எதிரில் இருந்ததால் போனைக் காதில் வைத்துக்கொண்டு சற்று நேரம் காத்திருந்தேன்.

மார்ச் 15

ஜெசிந்தா கேட்டிருந்தாள்: "அக்கா, உங்க ரிசல்ட் வந்தாச்சா?" கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன். பொய் சொல்லவில்லை. வந்ததா என்றாள், வந்தது.

கார்டைத் தபாலில் சேர்த்தேன். வேலாத்தாள், க/பெ சின்னான், காட்டுவலசு. கையெழுத்து நன்றாக வந்திருந்தது.

மார்ச் 31, ஞாயிறு

வீட்டுக்காரர் மஞ்சள் மண்டியில் சூப்பர்வைசர். இப்போது வரத்து அதிகம், ஞாயிறும் வேலை. வரும்போதே உடம்பெல்லாம் மஞ்சள் வாசம். நான் கூடத்தில் படுக்கத் தொடங்கி மாதம் ஒன்றாகிறது. அறையில் மின்விசிறி சத்தம் போடுகிறது என்று சொல்லியிருக்கிறேன். அவர் இன்று ஆளை அழைத்து வந்து மின்விசிறியை மாற்றிவிட்டார். இனி வேறு ஏதாவது சொல்ல வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவர் பதினோரு வருடம் லாரி ஓட்டினார். நாக்பூர், கல்கத்தா. எங்கள் ஆஸ்பத்திரி நோட்டீஸில் இந்த நோய் எப்படித் தொற்றுகிறது என்று மூன்றாவது பத்தியில் போட்டிருக்கும். கிருமி இருபது வருடம்கூட உடம்பில் பேசாமல் இருக்குமாம். முகாம்களில் அந்தப் பத்தியை நான் வேகமாக வாசித்துவிட்டு நாலாவதுக்குப் போய்விடுவேன். பெண்கள் குனிந்து தரையைப் பார்ப்பார்கள். எனக்குப் பரிசோதனை என்று ஒன்று செய்துகொண்டால் அந்தப் பத்தி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் என்று சொல்லவில்லை. சும்மா எழுதினேன்.

ஏப்ரல் 9

கடுமையான வெயில். எழுபத்து நாலு பேர் முடித்துவிட்டேன். இன்று மூன்று பேர் இறந்திருந்தார்கள், மூவரும் தாமதமாக வந்தவர்கள். ஒருத்தி மகள் சடங்கு முடியட்டும் என்றாளாம். ஒருத்தி மஞ்சள் வேக வைக்கும் நேரம் என்றாளாம். மூன்றாவது ஆள் காரணமே சொல்லாமல் சிரித்து மழுப்பிக்கொண்டே இருந்தாள் என்று அவள் அக்கா சொன்னாள்.

மூவருக்கும் ஐந்துதான் போட்டேன். எண் ஐந்து போடும்போது பேனாவை அழுத்துகிறேன் போலிருக்கிறது. பின்பக்கம் தடம் விழுந்திருக்கிறது.

ஏப்ரல் 10

கரும்பச்சை, கருநீலம் என்று இரண்டு புடவை எடுத்தேன். தேன்மொழி, "வெயில் காலத்துல வெளுத்த கலரா எடுக்காம" என்றாள்.

மே 3, வெள்ளி

கார்டு திரும்பி வந்தது. "இப்பெயரில் எவரும் இல்லை" என்று தபால்காரர் சிவப்பு மையில் எழுதியிருந்தார். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

முப்பது நாளும் கடந்துவிட்டது. விதிப்படி முத்திரை குத்தினேன். மை காய்ந்து போயிருந்ததால் "தொடர்பில்" மட்டும் விழுந்தது. மறுபடியும் மை ஊற்றிக் குத்தினேன்.

மே 20

மாவு புளித்துவிட்டது. இடுப்பு வலி காலுக்கு இறங்குகிறது. வெள்ளைப்படுதலில் வாடை. வாசனை சோப்பு மாற்றினேன். புது நாற்காலி வந்துவிட்டது, நல்ல நாற்காலி.

ஜூன் 12, புதன்

டாக்டர் நாச்சியார் இதுவரை வந்த விவரத்தை அட்டவணை போட்டுக் காட்டினார். நூற்றுப் பன்னிரண்டில் நூற்று ஆறு பேரைக் கண்டுபிடித்திருக்கிறேன். இப்படி ஒரு வேலையை யாரும் செய்ததில்லை என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது.

நிலை ஒன்று பி ஒன்றில் வந்தவர்கள் அறுபத்தொரு பேர், அதில் ஐம்பத்தாறு பேர் ஐந்து வருடம் தாண்டிவிட்டார்கள். கட்டி பெரிதாகி வந்தவர்கள் அதற்குக் கீழே. ஆபரேஷனில் கூடவே எடுத்த நெறிகட்டிகளில் நோய் இருந்தவர்கள் பத்தொன்பது பேர், பதினோரு பேர்தான் மிஞ்சினார்கள். டாக்டர் விரலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வந்தார். விரல் இறங்க இறங்க எண் குறைந்தது.

"இதுக்குக் கீழ, ரெண்டு பி எல்லாம்?" என்று கேட்டேன்.

"அவங்களுக்கு நாம ஆபரேஷன் பண்றதில்லையே. இந்த அட்டவணையில வரமாட்டாங்க. அது வேற கணக்கு."

"அதுல எத்தனை பேரு டாக்டர் அஞ்சு வருசம் இருப்பாங்க?"

"பாதிக்கு மேல இருப்பாங்க. ஏன், யாராவது தெரிஞ்சவங்களா?"

காட்டுவலசில் ஒரு பெண், தொடர்பில் இல்லை என்றேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த மாதிரி ஆளுங்க திரும்ப வருவாங்க, கோகிலவாணி. கட்டில்ல படுத்துட்டு வருவாங்க" என்றார்.

ஜூன் 13

டாக்டரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து போனேன். ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். பத்து நிமிடம் காத்திருந்துவிட்டு வந்துவிட்டேன். ஆடி முடியட்டும்.

ஜூலை 8

பாவாயி அம்மா தானாகவே போன் செய்தார். நான் அழைத்த எண்ணைப் பேத்தியிடம் சொல்லிப் பதிந்து வைத்திருக்கிறாராம். தோட்டத்து மாங்காய் அனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

"உன்ற தொண்ட ஏன் இப்புடி இருக்குது? ஒடம்பு சரியில்லீயா சாமி?"

"இல்லீங்க, நல்லாத்தான் இருக்கறேன்."

"நானும் அப்புடித்தான் சொல்லீட்டிருந்தேன்" என்றார்.

அந்தப் பக்கம் ஒரு சேவல் கூவுவது கேட்டது. பிறகு அவரே, "செரி சாமி, வேலையப் பாரு" என்று வைத்துவிட்டார். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எதற்கு என்று எழுத வேண்டியதில்லை.

ஜூலை 29, திங்கள்

ஜெசிந்தா வேலைக்குத் திரும்பினாள். குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்த முகம். கட்டிக்கொண்டாள். "யக்கா, என்ன இப்பிடி மெலிஞ்சிட்டிய?" என்றாள். நடைப்பயிற்சி என்றேன்.

ஜூலை 30, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். இன்றைக்கு மறைத்து என்ன ஆகப் போகிறது?

மதியம் தேன்மொழி சாப்பிடப் போன நேரம் பார்த்து ஜெசிந்தா வந்தாள். கையில் காட்டுவலசு முகாம் கோப்பு. தான் இல்லாத நாளில் வந்த முடிவுகளைச் சரிபார்த்தாளாம். கதவைச் சாத்திவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"யக்கா, நாப்பது பேர்ல ஒரே ஒரு ஆளுக்குத்தான் மோசமாட்டு வந்திருக்கு. கடைசித் தகடு. நாப்பதாம் நம்பர்."

"ஆமா. வேலாத்தாள். மூணு தடவ கூப்புட்டேன். கார்டும் போட்டாச்சு."

"அண்ணைக்குக் கடைசியா படுத்தது யாருன்னு எனக்கு ஓர்மை இருக்கு."

நான் மேஜை மேலிருந்த முத்திரையை எடுத்து அதன் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

ஜெசிந்தா திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. கோப்பிலிருந்த முத்திரையைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு தன் போனை எடுத்து எண் அழுத்தினாள். என் மேஜையில் என் போன் அடித்தது.

"எடுங்க" என்றாள்.

அது அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன். இரண்டடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, போனைக் காதில் வைத்து, என் முகத்தைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துப் பேசினாள். நான் எல்லோரிடமும் பேசுவதற்கு எழுதி வைத்திருக்கிற வாக்கியங்களை, ஒன்று மாறாமல்.

"வணக்கம், வேலாத்தாள் அம்மாங்களா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவள் காத்திருந்தாள். நான் கற்றுக் கொடுத்ததுதான். அவர்கள் பேசாவிட்டால் காத்திரு, போனை வைக்காதே.

"ஆமாங்க" என்றேன்.

"உங்க பரிசோதனை முடிவு வந்திருக்குங்க. இன்னும் ஒரு பரிசோதனை செய்ய வேண்டியிருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. ஒரு தடவை வந்துட்டுப் போங்க. கூட யாராவது வர்றாங்களா?"

"யாருமில்லீங்க."

"நான் வாறேன்" என்றாள். அது என் வாக்கியங்களில் இல்லை.

ஜூலை 31

டாக்டர் நாச்சியார் சதை எடுத்தார். என் பெயரில் புதுக் கோப்பு. தேன்மொழிதான் எழுதினாள், எழுத்து கோணலாகிவிட்டது. பத்தொன்பது வருடமாக இந்தப் பெண்களின் கோப்பை மூன்றாம் மனுஷியாகப் படித்திருக்கிறேன். யார் யார் எப்படிப் பேசுவார்கள் என்றும் எனக்குத் தெரியும். ஆனால் இன்று முழுக்க ஒருத்தரும் ஒன்றும் பேசவில்லை. அது எதிர்பாராதது.

ஆகஸ்ட் 7, புதன்

சந்தேகம் இல்லை, புற்றுநோய்தான் என்று வந்துவிட்டது. வீட்டில் சொன்னேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்.

"நீ ஒரு நோட்டீஸ் கொண்டாந்து டிவி மேல வெச்சிருந்தியே அம்மிணி. ஆறேழு வருசத்துக்கு முந்தி. நான் படிச்சேன்."

நான் டிவி பக்கம் பார்த்தேன்.

"என்னாலதான் வந்துச்சா?"

"எங்கிருந்து எப்ப வந்துச்சுன்னு யாராலீம் சொல்ல முடியாதுங்க. உலகத்துல முக்கால்வாசிப் பேரு ஒடம்புல வந்து போற கிருமிதானாம். சிலருக்குத்தான் இப்புடி ஆகுதாம்" என்றேன். நோயாளிகளின் கணவர்களுக்கு நான் சொல்வதுதான். உண்மையும்கூட.

அவர் அழுதார். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை என்று எழுத ஆசை. அவர் மேல்தான். படித்தேன் என்கிறாரே, படித்துவிட்டு ஆறேழு வருடம் என்ன செய்தார்? அப்புறம் நினைத்துப் பார்த்தேன். நானும் படித்தவள்தான், தினமும் ஊருக்கு வாசித்துக் காட்டியவள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே பயத்தைத் தனித்தனியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

தோசை ஊற்றினேன். ஆளுக்கு இரண்டு தின்றோம்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஸ்கேன் எடுத்தாயிற்று. நாளை மயக்கம் கொடுத்து இரண்டு டாக்டர்கள் கையால் பரிசோதித்து நிலையை முடிவு செய்வார்கள். கட்டியின் பக்கத்துச் சதை மெத்தென்று இருந்தால் ஆபரேஷன். கட்டியாக இறுகிப் போயிருந்தால் இல்லை. எத்தனை பேருக்கு இதை விளக்கியிருப்பேன்.

ஒன்று பி என்று வந்தால் பழனிக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டேன். பாவாயி அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "போயிட்டு வா கண்ணு. நான் இங்கயே உக்கோந்திருக்கறேன்" என்றார்.

ஆகஸ்ட் 14, புதன்

கண் விழித்தபோது நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள், கட்டிலின் கால்பக்கக் கம்பியை மறைக்கிற மாதிரி சாய்ந்துகொண்டு. அட்டையை அங்கேதான் செருகுவார்கள்.

"தள்ளிக்க" என்றேன்.

தள்ளிக்கொண்டாள். மஞ்சள்.

அச்சகக்காரர் போன தடவை மஞ்சளைக் கொஞ்சம் அடர்த்தியாக அடித்துவிட்டார். அப்போதே சொன்னேன்.

டாக்டர் நாச்சியார் மாலையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வலது பக்கம் மெத்தென்று இருக்கிறதாம். இடது பக்கம் இறங்கிவிட்டதாம். இரண்டு பி. "பிப்ரவரியில நான் படுத்தனே, அப்ப வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"அப்ப எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, கோகிலவாணி. தெரியாததச் சொல்ல மாட்டேன். கரண்ட்லயும் குணமாறாங்க. நிறையப் பேர் குணமாறாங்க."

பாதிக்கு மேல் என்று நானே கேட்டு வைத்திருக்கிறேன். டாக்டர் அதற்கு மேல் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அறுபத்தொன்றில் ஐம்பத்தாறு என்று என் கையால் எழுதிய வரி கண்ணுக்குள்ளேயே நின்றது. அந்த அட்டவணையில் நான் வரமாட்டேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

நாளைக் காலை எட்டரைக்கு முதல் கரண்ட். ஆறு வாரம். கூட வர வீட்டுக்காரர் மண்டியில் லீவு சொல்லிவிட்டார். இன்று மேஜையை ஒழுங்குபடுத்தப் போனேன்.

தேன்மொழி என் கோப்பில் மீதியிருந்த ஒரே ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டியிருந்தது. கேட்கக் கூசிக்கொண்டு கேட்டாள். "அக்கா, தாமதத்துக்குக் காரணம்னு ஒண்ணு இருக்குதுங்க. என்ன நம்பர் போடட்டும்?"

ஆறு எண்ணையும் பார்த்தேன். தூரமா? என் மேஜையிலிருந்து பரிசோதனை அறைக்கு முப்பது அடி. பணமா? ஊழியருக்கு இலவசம். கூட வர ஆளில்லையா, தெரியாதா, வீட்டில் விடவில்லையா? ஐந்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். போட்டுவிடு என்றுதான் சொல்ல வந்தேன்.

"எருமை கன்னு போடற நேரம்னு போடு" என்றேன்.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

பேனாவை வாங்கி, அச்சடித்த ஆறாவது வரிக்குக் கீழே நானே ஒரு வரி சேர்த்தேன். 7. பயம். என் கட்டத்தில் ஏழு போட்டேன். அலட்சியமாக இருந்திருந்தால் நான் இரண்டு புடவை வாங்கியிருக்க மாட்டேன், உள்பாவாடையை ஒளித்துத் துவைத்திருக்க மாட்டேன். ஆறு மாதமும் ஒரு நிமிடம்கூட நான் அதை மறந்து இருக்கவில்லை.

பிறகு பழைய கோப்புகளை எடுக்கச் சொன்னேன். ஐந்து போட்டவை மட்டும். இருபத்து மூன்று. எல்லாம் என் கையெழுத்து, எல்லாவற்றிலும் பின்பக்கம் தடம் விழுந்திருக்கிறது. மேலாக இருந்தது மாராயி. எருமை நல்லபடியாகக் கன்று போட்டதா என்றுகூட அந்த மனிதரிடம் நான் கேட்கவில்லை.

பதினாலு பேரிடம் இனிக் கேட்க முடியாது. மீதி ஒன்பது பேர் இருக்கிறார்கள். மணி மூன்றுதான் ஆகியிருந்தது. உட்கார்ந்து முதல் எண்ணை அழுத்தினேன்.